சேவல் மட்டும் சுருதியில் நின்றது

தன் குரலைப் பதிவில் கேட்டுவிட்டு, 'ஆகா, நம்ம குரலா இது, எம்புட்டு நல்லா இருக்கு' என்று சொன்ன மனிதரை நான் இதுவரை பார்த்ததில்லை. பெரும்பாலானவர்கள், 'இது நான் இல்ல' என்று அடித்துப் பேசுவார்கள். இந்தச் சின்ன உண்மை எனக்கு முன்பே புரிந்திருந்தால், என் கல்யாணப் பேச்சு ஓர் இணைய மன்றத்தில் ஊர் பேர் தெரியாதவர்கள் முன்னால் சந்தி சிரித்திருக்காது.

அப்போது மதுரையில் ஒரு தனியார் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். வேலை நேரம் போக மிச்ச நேரமெல்லாம் (சரி, வேலை நேரத்திலும்தான்) ஒரு தமிழ் இசை மன்றத்தில் குடியிருந்தேன். ஊரே வாட்ஸ்அப்புக்குக் குடிபோன பிறகும் பிடிவாதமாக உயிரோடு இருந்த இணையதளம் அது. யாராவது ஒருவர் ஒரு பேச்சைத் தொடங்குவார். அதற்குத் 'திரி' என்று பெயர். மற்றவர்கள் அதன் கீழே பதில் எழுதிக்கொண்டே போவார்கள். அங்கே சொந்தப் பெயரில் யாரும் வருவதில்லை. என் பெயர் 'வைகைக்குயில்'. (சிரிக்காதீங்க. நல்ல பேரெல்லாம் ஏற்கெனவே எடுத்துட்டாங்க.)

குயில் எத்தனை முறை கூவினாலும் பதில் கூவ ஆள் இல்லை. 'மழை நாளில் கேட்க ஏற்ற ராகம் எது?' என்று ஒரு திரி போட்டேன். 'இது ஏற்கெனவே விவாதிக்கப்பட்டது' என்று ஒரே ஒரு பதில் வந்தது; திரியைப் பூட்டிவிட்டார்கள். 'இசை என்றால் என்ன?' என்று அடுத்த திரி. அதைப் பூட்டக்கூட யாரும் வரவில்லை. பத்தி பத்தியாக எழுதிவிட்டு, மணிக்கொரு தரம் போய்ப் பார்த்து, என் திரிக்கு நானே 'நண்பர்களே, கருத்துச் சொல்லுங்கள்' என்று பதில் போட்ட காலம் அது. பிச்சைக்காரனுக்காவது ஒரு தட்டு இருக்கும்.

அந்த மன்றத்தின் நெறியாளர் 'சுருதிசுத்தம்' என்பவர். அவர் பெயருக்குப் பக்கத்துப் படத்தில் ஓர் ஆர்மோனியப் பெட்டி இருக்கும். ஆள் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. அவர் வாயால் 'நன்று' என்று வாங்கிவிட்டால் பட்டம் வாங்கியது மாதிரி. நல்ல திரி தொடங்குவது எப்படி என்று அவர் எழுதியிருந்த குறிப்பு மன்றத்தின் உச்சியில் எப்போதும் தொங்கும். 'உங்கள் கருத்தை நீட்டி முழக்காதீர்கள். ஒரு பதிவைப் போடுங்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பாடியவர் பெயரைச் சொல்லாதீர்கள். பெயர் தெரிந்தால் ஜால்ரா சத்தம்தான் கேட்கும்.' இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். அங்கேதான் சனியன் பிடித்தது.

இப்போது ஜெபாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கிறிஸ்தவ சபையின் ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில், ஆண்கள் வரிசையில், நானும் டெனர் என்ற பெயரில் வாயசைத்துக்கொண்டிருந்தேன். ஜெபா சோப்ரானோ, பெண்களில் உச்சக்குரல். அவளுக்கு என்னைப் பிடித்திருந்தது. எனக்கு அவளைப் பிடித்திருந்தது. பாக்கி இருந்தது அவள் அப்பா தேவசகாயம் சார்தான். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பாடகர் குழுவின் தலைவர். என் அம்மா போய்ப் பேசியதற்கு, 'பையன் நல்ல பையன்தான். அறுப்பின் பண்டிகை முடியட்டும், ரோசிச்சுச் சொல்றேன்' என்று சொல்லி அனுப்பியிருந்தார். பண்டிகை முடிய நானும் ஜெபாவும் காத்திருந்தோம்.

அறுப்பின் பண்டிகை என்றால் ஆளாளுக்கு விளைந்ததையும் வளர்த்ததையும் கோயிலுக்கு (சர்ச்சை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம். அதனால் ஆராதனை நடக்கும்போதே பின்வரிசைக்குப் பக்கத்தில் பூசணிக்காய், வாழைத்தார், கால் கட்டிய கோழி எல்லாம் கிடக்கும். அந்த வருஷம் தேவசகாயம் சார் தனியாக ஒரு கீர்த்தனை பாடினார். 'அப்பா பாடுறத ரெக்கார்டு பண்ணிக் குடுங்க, அவருக்கு ரொம்பப் பிடிக்கும்' என்று ஜெபா சொன்னதால், போனைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய்க் கோழிகளுக்கு நடுவே நின்றேன்.

சார் கண்ணை மூடிக்கொண்டு பாடுவார். காதையும் மூடிக்கொள்வார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டாவது சரணத்தில் சுருதியை விட்டு இறங்கினார். இறங்கியவர் இறங்கிக்கொண்டே போனார். கீபோர்டு வாசித்த என் நண்பன் டேனியல் என்னென்னவோ செய்து பார்த்தான், பிடிக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து என் காலடியில் கிடந்த சேவல் ஒன்று கணீரென்று கூவியது. சார் அதையும் கவனிக்கவில்லை. ஏலத்தில் அதே சேவலை விடாப்பிடியாகக் கேட்டு எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

வீட்டுக்கு வந்து பதிவைக் கேட்டேன். எனக்கு ஜெபாவின் ஞாபகம் வந்திருக்க வேண்டும். மன்றத்தின் ஞாபகம் வந்தது. எங்கள் சபையில் இணையம் என்றால் பூப்படம் போட்டுக் காலை வணக்கம் அனுப்புவதுதான், இந்த மன்றத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு தைரியம். சேவல் கூவியதோடு பதிவை வெட்டினேன். 'இந்தப் பாடகர் எந்த இடத்தில் சுருதி விலகுகிறார்?' என்று ஒரே ஒரு கேள்வி. பெயர் இல்லை. போட்டுவிட்டேன்.

மறுநாள் மன்றத்தில் கூட்டம் கொள்ளவில்லை. துபாயிலிருந்து ஒருவர், ஈரோட்டிலிருந்து ஒருவர் என்று எல்லோரும் வந்து நிமிஷம் நொடி கணக்கில் பிரித்து மேய்ந்தார்கள். மத்தியானம் சுருதிசுத்தமே வந்தார். 'இவர் விலகவில்லை, தொடக்கத்திலிருந்தே வீட்டை விட்டு வெளியேறிவிட்டார். பதிவில் சேவல் மட்டும் சுருதியில் நிற்கிறது. இவர் வீட்டில் ஒருவர்கூட இவரிடம் உண்மையைச் சொல்லவில்லை என்பது வருத்தம் தருகிறது. வைகைக்குயில் அவர்களே, இதுதான் நல்ல திரி. நன்று.'

நன்று! நான் தரையில் இல்லை. அந்தப் பெருமையில் ஓடிப் போய்க் கீழே ஒரு வரி எழுதினேன். 'ஐயா சொல்வது முற்றிலும் உண்மை. முழுப் பாட்டையும் சேவலிடமே கொடுத்திருந்தால் சபை தப்பித்திருக்கும்.' (இந்த வரியை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் காது சுடுகிறது.)

அந்த வாரக் கடைசியில் தேவசகாயம் சார் வீட்டுக்குக் கூப்பிட்டார். பதில் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று ஜெபா குறிப்புக் கொடுத்திருந்தாள். சட்டையை இரண்டு தரம் இஸ்திரி போட்டுக்கொண்டு புதூரில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனேன். காபி வந்தது. ஜெபா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"தம்பிக்குக் கொயர்ப் பாட்டுப் போக வேற மியூசிக் ஈடுபாடு உண்டா?" என்றார் சார்.

"உண்டு சார். நெட்ல கொஞ்சம் படிப்பேன்."

"நெட்லயா? அப்ப இங்கிட்டு வாங்க." மடிக்கணினியைத் திறந்தார். திரையில் ஆர்மோனியப் பெட்டி. "இங்க சுருதிசுத்தம்னா நாந்தான். சபையில ஒருத்தருக்கும் தெரியாது, வெளிய சொல்லிக்கிராதீங்க."

ஒரு கணம் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தெய்வத்தின் வீட்டிலேயே பெண் கேட்டிருக்கிறேன்! அடுத்த கணம் சேவலைப் பற்றி நான் எழுதிய வரி ஞாபகம் வந்தது.

"இந்த வாரம் ஒரு பய ஒரு திரி போட்ருக்கான். வெவரமான பய. ஆனா பாடுறவரு இருக்காரே, அதக் கேட்டாத்தான் தெரியும்."

"வேணாம் சார், இன்னொரு நாளைக்குக் கேட்டுக்குறேன்."

"அட, கேளுங்க தம்பி."

பெட்டி பெட்டியாக இரண்டு ஸ்பீக்கர். வீடு முழுக்க அவர் குரல், அவருக்குத்தான் அடையாளம் தெரியவில்லை. பண்டிகை மாதத்தில் எந்தக் கோயிலிலும் அந்தக் கீர்த்தனை உண்டு, எந்தப் பதிவிலும் ஒரு கோழிச் சத்தம் உண்டு. தான் சுருதி விடுவோம் என்ற எண்ணமே அவர் மண்டைக்குள் நுழைய வழியில்லை. தொடையில் தாளம் போட்டுக்கொண்டே, "இங்க விழுந்தாரு பாத்தீங்களா? நம்மூரு ஆளு இல்ல, இந்த இழுவை வாடிப்பட்டி தாண்டித்தான் இருக்கும்" என்றார்.

"ஆமா சார்" என்றேன். (வேற என்னத்தச் சொல்ல?)

பதிவில் சேவல் கூவியது. உடனே கொல்லைப்புறத்திலிருந்து நிஜச் சேவல் பதிலுக்குக் கூவியது. சார் ரசித்துச் சிரித்து அந்த இடத்தைத் திரும்பப் போட்டார். அது திரும்பக் கூவியது. கரண்டியோடு ஜெபா வெளியே வந்தாள்.

"அப்பா, சேவலு அதோட சத்தத்துக்கே பதில் சொல்லுது. எதுக்கு உங்க பாட்ட இம்புட்டுச் சத்தமாப் போட்டுக் கேக்குறீங்க?"

"எம் பாட்டா?"

"பின்ன? பண்டிகையில நீங்க பாடுனதுதான. இவருதான் பின்னாடி நின்னு ரெக்கார்டு பண்ணாரு. நாந்தான் பண்ணச் சொன்னேன்."

சார் இன்னொரு முறை போட்டுக் கேட்டார், இந்த முறை தாளம் போடவில்லை. பிறகு திரையை மெதுவாகக் கீழே நகர்த்தி, தப்பாகப் போட்ட கணக்கை வகுப்பு முன்னால் வாசிக்கும் குரலில் வாசித்தார். "'முழுப் பாட்டையும் சேவலிடமே கொடுத்திருந்தால் சபை தப்பித்திருக்கும்.' வைகைக்குயில்." என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதானா?"

"ஆமா சார்."

"காபி ஆறிருச்சு. குடிச்சிட்டுக் கெளம்புங்க."

மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு டீக்கடையில் வைத்து டேனியலிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். "திரிய அழிச்சிரு மாப்ள" என்றான். பதில் வந்த திரியை நாமாக அழிக்க முடியாது, நெறியாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பித்தேன். 'நல்ல திரிகளை நீக்கும் வழக்கம் இம்மன்றத்தில் இல்லை. - சுருதிசுத்தம்' என்று பதில் வந்தது.

அன்றைக்கே திரியில் அவர் எழுதினார். 'பாடகர் யார் என்று பலர் கேட்டிருந்தீர்கள். நான்தான். என் விமர்சனத்தில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.'

அடேயப்பா, அதற்குப் பிறகு நடந்த கூத்து! பிரித்து மேய்ந்த அத்தனை பேரும் பின்வாங்கினார்கள். 'ஐயா, ஹெட்போனில் கேட்டேன், என்ன கம்பீரம்' என்றார் துபாய்க்காரர். 'சேவல்தான் சுருதி விலகுகிறது' என்றார் ஈரோட்டுக்காரர். எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் ஒருவன்தான் பாக்கி.

ஜெபா போனில் பேசினாள். "அப்பா கோவப்படல. திட்டல. காலையில பாட மட்டும் மாட்டேங்குறாரு. வீட்டுல சேவலு சத்தம் மட்டுந்தான் கேக்குது." பிறகு, "நீங்களும் ஜால்ரா தட்டுனீங்கன்னா எனக்கே பிடிக்காது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாகிவிட்டது. அந்த மனிதர் தினம் விடிந்ததும் பாடுகிறவர். இத்தனை வருஷம் பாடகர் குழுவில் அவர் பக்கத்தில் நின்று, அவர் இறங்குவது தெரிந்தும், பெண் கிடைக்க வேண்டுமே என்று தலையாட்டியவன் நான். யாரோ ஒருவரின் 'நன்று' கிடைக்க வேண்டுமே என்று அதே வாயால் கேலி செய்தவனும் நான்தான். உட்கார்ந்து எழுதினேன்.

'இரண்டாம் சரணத்தில் ஐயா சுருதி விட்டது உண்மை. நேரில் சொல்லாமல் இங்கே போட்டது என் கோழைத்தனம். சேவல் பற்றி நான் எழுதிய வரி வாய்க்கொழுப்பு. இன்னொன்று, பதில் நிறைய வர வேண்டும் என்பதற்காகப் பாட்டை நான் பாதியில் வெட்டிவிட்டேன். முழுப் பதிவு இதோ.'

வெட்டிய பகுதியில் இருந்தது இதுதான். சேவல் கூவியதும் சபையே சிரிக்கிறது. அந்தச் சிரிப்பில் டேனியல் சுருதியை ஓங்கி ஒருமுறை அழுத்துகிறான். சார் அதைப் பிடித்துக்கொண்டு கடைசிச் சரணத்தைப் பாடுகிறார். சிரித்த சபை அப்படியே அடங்கிவிடுகிறது. கோழிகளுக்கு நடுவே நின்றுகொண்டு நான் கண்ணைத் துடைத்தேன். அதையும் எழுதினேன்.

பதில் வரவில்லை. 'இசை என்றால் என்ன?' என்று கேட்ட காலத்தில்கூட நான் அப்படிக் காத்திருந்ததில்லை. மறுநாள் மத்தியானம் அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது வந்தது.

'முழுப் பதிவையும் முதலிலேயே போட்டிருக்க வேண்டும். திரி தொடங்குபவருக்கு இது பெரிய குறை. கடைசிச் சரணம் பரவாயில்லை. வைகைக்குயில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தன் பெற்றோருடன் என் வீட்டுக்கு வரவும். ஜெபாவுக்குச் சம்மதம், எனக்கும்.'

அதன் கீழே ஈரோட்டுக்காரர், 'திரி தலைப்பை விட்டு விலகுகிறது' என்று எழுதியிருந்தார். அதற்கும் கீழே, 'திரி பூட்டப்பட்டது. - சுருதிசுத்தம்.'

எங்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை சொல்ல யாருக்காவது காரணம் இருந்தால் சொல்லலாம் என்று போதகர் கேட்பார். எங்கள் ஓலையை வாசித்த முதல் ஞாயிறு, போதகர் அந்த இடத்தில் நிறுத்தியதும் பாடகர் குழு மொத்தமும் திரும்பித் தேவசகாயம் சாரைப் பார்த்தது. (டேனியல் வாய் சும்மா இருக்குமா?) சார் தொண்டையைச் செருமினார். என் உயிர் போய் வந்தது. வெறும் தொண்டைக் கமறல்தானாம்.

சேவலைக் கல்யாண விருந்துக்கு அறுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். வீட்டில் சுருதி தெரிந்த இன்னொரு ஆள் அதுதானாம். தினம் காலையில் அது கூவிய பிறகுதான் அவர் பாட உட்காருவார். அதன் ஆயுசு முடியும்வரை அப்படித்தான் நடந்தது.

எனக்குத்தான் விமோசனமே இல்லை. இன்றைக்கும் சாப்பிட உட்காரும்போது ஜெபா, "கொழம்பு எப்புடி இருக்கு?" என்று கேட்டால், நான் வாயைத் திறப்பதற்குள் மாமனார் கேட்பார்: "மாப்ள, பேரு போட்டுச் சொல்லப் போறீங்களா, பேரு போடாமச் சொல்லப் போறீங்களா?"