பதினேழாம் அத்தியாயம் படிக்காதவர்

காதல் கதை படிக்காத ஆண்கள் என்று ஓர் இனம் உண்டு. தேடி அலைய வேண்டாம். உங்கள் வீட்டு ஈஸிசேரிலேயே ஒருவர் சாய்ந்திருப்பார்.

அடையாளம் காண்பது சுலபம். வாரப் பத்திரிகையைக் கையில் எடுத்தால் தலையங்கம் படிப்பார், கிரிக்கெட் படிப்பார், ராசிபலனைக்கூட "சும்மா பார்க்கிறேன்" என்று பார்ப்பார். தொடர்கதைப் பக்கம் வந்ததும் மூக்கைச் சுளித்துக்கொண்டு தாளைத் திருப்பிவிடுவார். அந்த ஒரு தாளைத் திருப்ப மட்டும் அவருக்கு ஐந்து நிமிஷம் ஆகும். மனைவி கையில் மாத நாவலைக் கண்டால், "இந்தக் குப்பையை எப்படித்தான் படிக்கிறீங்களோ" என்பார். எந்தக் குப்பையில் எந்தப் பெண் யாருக்காக அழுகிறாள் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். எப்படி என்று கேட்டுப் பாருங்கள். "அட்டையைப் பார்த்தாலே தெரியாதா?"

பூந்தமல்லி பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, கீழே உட்கார்ந்திருக்கும் பெண்ணின் மடியில் விரிந்த புத்தகத்தைப் படிப்பவரும் இவர்தான். அவள் பக்கத்தைச் சீக்கிரம் திருப்பிவிட்டால் இவர் முகத்தில் எரிச்சல் தெரியும். இரண்டு பேர் பார்த்து, பிரிந்து, அழுது, சேர்வதைக் கொட்டகையில் மூன்று மணி நேரம் பார்த்தால் அது படம். அதே இருவர் அச்சில் சேர்ந்தால் பொம்பளை சமாசாரம். கொட்டகையில் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டது தூசி விழுந்ததால்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? முப்பத்திரண்டு வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள் நான். ஓய்வு பெற்று ஆவடியை அடுத்த சேக்காட்டில் குடிவந்த பிறகும் ஊசி போடுவது, கட்டு மாற்றுவது, எழுந்திருக்க முடியாதவர்களைத் திருப்பிப் படுக்க வைப்பது என்று வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தேன். படுக்கை விரிப்பை மாற்றுகிறவளுக்குத் தலையணைக்கு அடியில் இருப்பது தெரியாமல் போகாது. பெண்கள் கதைப் புத்தகத்தைத் தலைமாட்டில் எல்லாரும் பார்க்கத்தான் வைப்பார்கள். தலையணைக்கு அடியில் கதைப் புத்தகம் இருந்தால், அது ஆண் படுக்கை.

இந்த இனத்தின் உத்தம மாதிரி, ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்த கஜபதி. எண்பத்தேழாம் வருஷம். தொழிற்சாலையில் செக்கர். உருப்படிகளை அளந்து பார்த்து, "இது ஆகாது" என்று ஒதுக்குவது வேலை. வீட்டுக்கு வந்தும் ஒதுக்கிக்கொண்டே இருப்பார்.

அவர் மனைவி பார்வதத்திடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. வாராவாரம் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்து, வரிசையாக அடுக்கி, கதை முடிந்ததும் அம்பத்தூரில் கொடுத்து பைண்டு செய்த பதினாலு புத்தகங்கள் அதில். பதினோரு வருஷச் சேமிப்பு. அவை குவார்ட்டர்ஸ் முழுக்கச் சுற்றித் திரும்பி வரும். அவற்றில் ஒன்றுக்கு மட்டும் கடைசி அத்தியாயம், அதாவது பதினேழாவது, கிடையாது. ஏனென்றால் அந்த வாரத்துப் பக்கங்களைக் கஜபதி எடுத்துச் சமையலறை அலமாரிக்கு விரித்துவிட்டார். சும்மா விரிக்கவில்லை. தொங்கும் ஓரத்தைக் கத்தரிக்கோலால் வளைவு வளைவாக வெட்டி, பசை போட்டு ஒட்டி, "இந்தக் கருமத்துக்கு இதான் சரியான உபயோகம்" என்று சொல்லி, மேலே பருப்பு டப்பாவை வைத்தார்.

பார்வதம் சண்டை போடவில்லை. அதற்கு முன்பே படித்துவிட்டிருந்தாள். அந்தப் புத்தகத்தை வாங்கிப் போகிற பெண்கள் பதினாறு அத்தியாயம் படித்துவிட்டு மூச்சிரைக்க ஓடி வருவார்கள். காப்பி கொடுத்து, பதினேழாவதை வாயால் சொல்லி அனுப்புவாள்.

அந்த வருஷம் மகள் வனஜாவைப் பெண் பார்க்கக் காட்டுப்பாக்கத்திலிருந்து வருவதாக இருந்தார்கள். கஜபதி பெட்டியை ஒதுக்கத் தீர்மானித்தார்.

"வர்றவங்க ஊட்டுல இந்தக் காதல் கன்றாவியப் பாத்தா இன்னா நெனைப்பாங்க?"

"படிக்கத் தெரிஞ்ச குடும்பம்னு நெனைப்பாங்க."

"பழைய பேப்பர்காரனாண்ட போட்டுடப் போறேன்."

சொன்னவர் ஸ்டூலில் ஏறிப் பரணிலிருந்து பெட்டியை இழுத்தார். முதலில் பெட்டி வந்தது. பின்னாலேயே அவர் வந்தார். கணுக்காலில் முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. பெண் பார்ப்பது தள்ளிப் போயிற்று. பழைய பேப்பர்காரர் தங்கவேலிடம் "கட்டுப் பிரிச்சப்புறம் வா" என்று சொல்லியாயிற்று. பெட்டியை மறுபடி பரணில் ஏற்ற ஆளில்லாததால் அது அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

கால் விரல்களில் வீக்கம் இருக்கிறதா, நிறம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க நான் காலையில் போவேன். முதல் வாரம் எல்லாம் சரியாக இருந்தது. இரண்டாவது வாரம் ஒரு நாள் பல்ஸ் நூற்றுப் பத்து. காய்ச்சல் இல்லை. வலியும் இல்லை என்றார். கையில் இருந்த செய்தித்தாள் மூன்று நாள் பழையது. விரிப்பைச் சரிசெய்யக் கையை விட்டேன். தலையணைக்கு அடியில் பைண்டு புத்தகத்தின் காலிகோ துணி அட்டை தட்டுப்பட்டது. நான் ஒன்றும் கேட்கவில்லை. நோயாளியைப் பதற்றப்படுத்தக் கூடாது.

நான்காவது வாரம் ஆள் இளைத்துப் போனார். பார்வதம் சோறு கொண்டு வந்தால் தட்டைப் பார்த்துக்கொண்டே பொதுவாகப் பேசுவார்.

"ஒருத்தன் ரயில் கெளம்பற நேரத்துல வந்து, 'என்னைக் கட்டிக்கிறியா'ன்னு கேட்டா, ஒரு நல்ல பொண்ணு இன்னா சொல்லும்?"

"நம்ம வனஜாவ எவனாவது கேட்டானா இன்னா?"

"சேச்சே. சும்மா, ஒலக விஷயம்."

"ஒலகத்துல ரயிலு நெறய கெளம்புதுங்க. ரசம் ஊத்தட்டா?"

பாவம், அவர் வேறு யாரைக் கேட்பார்? மகளிடம் கேட்கிற கேள்வியா அது? அக்கம்பக்கத்துப் பெண்கள் அத்தனை பேருக்கும் பதில் தெரியும். படிக்காதவர் எப்படிக் கேட்பது?

ஐந்தாவது வாரம் நான் போனபோது பார்வதம் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். கட்டில் காலி. சமையலறையில் டப்பாக்கள் எல்லாம் தரையில். கஜபதி ஒற்றைக் காலில் நின்று, அலமாரிக்குள் தலையை விட்டிருந்தார்.

"சார், காலை ஊனக் கூடாதுன்னு சொன்னேனே."

"எலி சிஸ்டர். எலி ஒண்ணு பூந்துகிச்சு."

"எந்தப் பாராவுல சார்?"

அவர் தலையை வெளியே எடுத்தார். நான் எட்டிப் பார்த்தேன். எண்ணெய்க் கறைக்கும் மஞ்சள் தூளுக்கும் நடுவே பதினேழாம் அத்தியாயம் கடைசிப் பத்திவரை இருந்தது. ரயில் ஊதிவிட்டது. பாஸ்கரன் கேட்டுவிட்டான். யாமினி திரும்பினாள். "நான்" என்றாள். அதற்கு மேல் காகிதம் அழகாக வளைந்து போயிருந்தது. அவர் கையால் வெட்டிய வளைவு. என்ன ஒரு சுத்தமான வேலை. செக்கர் இல்லையா?

மாவுக்கட்டைப் பிரித்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை பெண் பார்க்க வருகிறார்கள். காலையில் நான் காலுக்கு கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டிருந்தபோது தங்கவேல் தராசோடு வாசலில் வந்து நின்றார்.

"இன்னா சார், காலு தேவலையா? எட்து வெக்கட்டா?"

பார்வதம் முந்தின நாளே புத்தகங்களைத் துடைத்து, சணல் கயிற்றால் தானே கட்டி வைத்திருந்தாள். சமையலறை வாசலில் ஈரக் கையோடு நின்றாள். தங்கவேல் முதல் கட்டைத் தூக்கித் தராசுத் தட்டில் வைத்தார்.

"இரு நைனா" என்றார் கஜபதி. "பார்வதம்."

"இன்னாங்க."

"அந்தப் பொண்ணு இன்னா சொல்லிச்சி?"

"எந்தப் பொண்ணு?"

"ரயில்ல ஏறப் போச்சே."

"நம்ம ஊட்டுல யாரு ரயில் ஏறுனாங்க?"

பார்வதம் நல்ல நர்ஸாக வந்திருப்பாள். மருந்து முழுக்க இறங்கும்வரை ஊசியை எடுக்கவில்லை.

"யாமினி" என்றார் கஜபதி. ரொம்ப மெதுவாக.

"நீங்கதான் காதல் கதையே படிக்க மாட்டீங்களே."

"காலு ஒடஞ்சி கெடந்தேன் இல்ல."

"அப்ப பொட்டி?"

கஜபதி பெட்டியைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், என் பக்கம் மட்டும் பார்க்கவில்லை. "அண்ணாத்தே, இன்னிக்கு எட போட ஒண்ணும் இல்ல. நீ கெளம்பு."

தங்கவேல் கட்டைத் தராசிலிருந்து இறக்கி வைத்தார். நகரவில்லை.

"கெளம்பறேன் சார். அந்தப் பொண்ணு இன்னா சொல்லிச்சின்னு கேட்டுகினு கெளம்பறேன்."

பார்வதம் எங்கள் மூன்று பேருக்கும் காப்பி போட்டாள். பிறகு சொன்னாள்.

கஜபதி திருந்திவிட்டார் என்று நினைக்க வேண்டாம். இந்த இனம் திருந்தாது. மாலையில் வந்த மாப்பிள்ளையின் அப்பா பெட்டியைக் கண்டு, "நம்ம ஊட்டுல இதெல்லாம் லேடீஸ்தான் படிப்பாங்க" என்றாராம். "இங்கயும் அப்பிடித்தான்" என்றாராம் கஜபதி. இரண்டு பேரும் சேர்ந்து பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

நானும் படிப்பேன், ஒளிக்காமல். எட்டு மணி நேரம் யார் பிழைப்பார், யார் போவார் என்று தெரியாமல் வார்டில் நின்றுவிட்டு வருகிறவளுக்கு, கடைசிப் பக்கத்தில் எல்லாம் சரியாகும் என்று உத்தரவாதம் தருகிற ஒரு சாமான் வேண்டும். அது மருந்துக் கடையில் கிடைக்காது.

உங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. தெரியும். நீங்கள் இதைப் படித்தது கேலிக்காகத்தான். அப்படியானால் யாமினி என்ன சொன்னாள் என்று நான் எழுதாததில் உங்களுக்கு ஒரு குறையும் இருக்காது. பக்கத்தைத் திருப்பிக்கொண்டு போகலாம்.

போகவில்லையா? எங்கேயாவது சொல்லியிருக்கிறேனா என்று மேலே போய்த் தேடுகிறீர்களா?

கையை நீட்டுங்கள். பல்ஸ் பார்க்கிறேன்.