பார்சலுக்குள் தானும் ஏறிக்கொள்பவர்

நம் பக்கத்தில் ஒரு புதிய இனம் பிறந்திருக்கிறது. பேஸ்புக்கில் பொருள் விற்கும் இனம். விற்பதில் பிழையில்லை. ஆனால் விற்ற பொருளைத் தனியே அனுப்ப இவருக்கு மனம் வராது. அதுதான் நோய். ஒருவர் இடுப்பில் உடுக்க ஒரு சாரன் கேட்டால், அந்தச் சாரனோடு தன் அன்பையும், ரசனையையும், கையெழுத்தையும், இடமிருந்தால் வாழ்க்கை வரலாற்றையும் சேர்த்து மடித்து, மினுங்கும் நாடாவால் கட்டி, நாடாவின் நுனியைக் கத்தரிக்கோலால் சுருட்டிவிட்டால்தான் இவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கும். கேட்டவருக்குத் தேவை சாரன். அதை அவர் தேடித்தான் எடுக்க வேண்டும்.

யுத்த காலத்தில் இந்த இனம் தோன்ற வழியே இருக்கவில்லை. கல்முனையில் கட்டிய பொதி கொழும்புக்குப் போய்ச் சேருவதற்குள் எத்தனை சோதனைச் சாவடிகளில் அவிழும் என்று கட்டியவருக்கே தெரியாது. அவிழப் போகிற பொதிக்கு யார் நாடா கட்டுவார்? சணல் கயிற்றால் கட்டி, ஆமிக்காரனுக்குச் சிரமமில்லாமல் முடிச்சைக் கொஞ்சம் இளக்கியும் விடுவார்கள். பிறகு யுத்தம் முடிந்தது. சாவடிகள் போயின. கூரியர் வந்தது, இணையத்துக்கு டொங்கிள் வந்தது, பேஸ்புக் வந்தது. கூடவே நளீமும் வந்தான்.

நளீம் மருதமுனைக்காரன். வீட்டில் முதல் பட்டதாரி. அவனுடைய சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு முன்னறைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். அவன் அதற்குக் கீழே கதிரையைப் போட்டுக்கொண்டு அரசாங்க நியமனத்துக்குக் காத்திருந்தான். காத்திருந்த நேரத்தில் ஊர்த் தறிகளில் நெய்த சாரியையும் சாரனையும் படம் பிடித்து பேஸ்புக்கில் போட்டான். கேட்டு எழுதினார்கள். விற்றது. அப்போதுதான் கவலை பிடித்தது: பட்டம் பெற்றவன் புடவை விற்றால் வெறும் புடவை வியாபாரி என்று சொல்லிவிட மாட்டார்களா? ஆகவே அவன் வெறும் புடவை விற்பதில்லை என்று தீர்மானித்தான்.

வண்ணத் தாளில் பொதிந்த கல்கண்டு, நாலைந்து பேரீச்சம்பழம், அத்தர் தோய்த்த பஞ்சுத் துண்டு, எல்லாவற்றுக்கும் மேலே கையால் எழுதிய ஓர் அட்டை. ‘அன்பின் இன்னாருக்கு, இதைக் கையால் தொட்டுத் தெரிவுசெய்தபோது உங்களையே நினைத்துக்கொண்டேன். இது உங்களுக்காகவே காத்திருந்தது போலும். துஆவுடன், நளீம்.’ அதற்குக் கீழே தொலைபேசி இலக்கம்.

“தம்பி, நீ சாரி விக்கிறியா, மவுலூது ஓதி இனிப்புப் பங்கிடுறியா?” என்று கேட்டாள் அவனுக்கு மூத்தவள், ராத்தா முனவ்வறா.

“இது ஒரு உறவு ராத்தா. உங்களுக்கு வெளங்காது.”

“ஓம் ஓம். கல்கண்டு முடியக்குள்ள மட்டும் எனக்கு வெளங்கும். கடைக்குப் போறது நான்தானே.”

இந்தப் பழக்கம் எங்கே தொற்றியது? சுனாமிக்குப் பிறகு, முகாமில். நிவாரணப் பொதியொன்றுக்குள் கம்பளித் தொப்பி ஒன்றும், பூ வரைந்த அட்டையொன்றும் வந்தன. நம் கடற்கரை வெயிலில் கம்பளித் தொப்பியை யார் போடுவார்? அட்டையில் எழுதியிருந்த மொழியை முகாமில் ஒருவராலும் வாசிக்க முடியவில்லை. ஆனால் பள்ளிக்கூடப் பையனான நளீம் அதைத் தலையணைக்குள் வைத்துக்கொண்டான். கடலுக்கு அப்பால் இருந்து யாரோ தன்னை நினைத்திருக்கிறார். அந்த யாரோவுக்குத் தன் பெயர்கூடத் தெரியாது என்பது அவனுக்குத் தோன்றவேயில்லை.

படித்தவன் அல்லவா, தன்னைத்தானே கேள்வி கேட்கத் தவறமாட்டான். ‘இது அன்பா, விளம்பரமா?’ என்று கேட்பான். தயங்குவான். ‘அன்புதான்’ என்று விடை சொல்லித் தனக்கே முழுப் புள்ளியும் போட்டுக்கொள்வான். பிறகு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து, பெயருக்கு மட்டும் இடம் விட்டு, அதே அட்டையைக் கட்டுக் கட்டாக எழுதிச் சப்பாத்துப் பெட்டிக்குள் அடுக்குவான். அன்பு பெருகும்போதே நிறைத்து வைக்க வேண்டாமா?

இப்படியிருக்கும்போதுதான் பேஸ்புக் வழியாக ஜெமீல் வந்தான். நிந்தவூர்க்காரன், கட்டாரில் வேலை. வரிப்பத்தான்சேனையில் றுமானா என்ற பெண்ணை அவனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். அவளுக்கு ஒரு சாரி அனுப்ப வேண்டும். வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை, திடீரென்று போய்ச் சேர வேண்டும். “வேற ஒன்டும் எழுத வேணாம் மச்சான். என்ட பேர மட்டும் போட்டு விடுங்க” என்றான்.

பெயர் மட்டுமா? நளீமுக்கு மனம் கேட்கவில்லை. வறட்டு அட்டையோடு ஒரு மணப்பெண்ணுக்குப் பார்சல் போவதா? பெட்டியிலிருந்து அட்டையொன்றை எடுத்து றுமானாவின் பெயரை நிரப்பினான். கல்கண்டை இரட்டிப்பாக்கினான். அத்தரும் வழக்கத்தைவிடக் கூடுதல். எல்லாம் நிறைந்திருந்தது. ஜெமீலின் பெயர்தான் இல்லை.

நம் ஊர்களில் பேசி முடித்த பெண்ணின் வீட்டுக்குச் சாரியும் கல்கண்டும் பேரீச்சம்பழமும் அத்தரும் ஒன்றாகப் போனால் அது மாப்பிள்ளை கொடுத்தனுப்பும் சாமான் என்று தொட்டில் குழந்தைக்கும் தெரியும். முனவ்வறாவைப் பேசி முடித்தபோதும் அப்படித்தான் வந்தது. அதை வாங்கி உள்ளே வைத்தவனே நளீம்தான். ஆனால் அழகு என்று வந்துவிட்டால் இந்த இனத்துக்கு அர்த்தம் மறந்துபோகும்.

இரண்டொரு நாளில் கைபேசி அடித்தது.

“நளீம் என்டது ஆரு?”

“நான்தான். வரிப்பத்தான்சேனையா? பார்சல் கெடச்சிதா? கட்டியிருந்த விதம் எப்பிடி?”

“கட்டின விதமா? எங்கட புள்ளய நெனச்சிக்கிட்டுச் சாரி தொடுறதுக்கு நீ ஆர்ரா?”

பேசியவர் றுமானாவின் தாய்மாமன் அபுல் ஹஸன். அவர் வைத்ததும் கட்டாரிலிருந்து ஜெமீல்.

“என்ட பேரப் போடச் சென்னா ஒன்ட பேரப் போட்டு அனுப்பியிரிக்காய்! நான்தான் அனுப்பின என்டு செல்றன், ஒருத்தரும் நம்புறாங்க இல்ல. புள்ளைய மறைக்கப் பொய் செல்றேனாம். அவளுக்கு வேற தொடர்பு இரிக்கி என்டு எங்கட உம்மா கலியாணத்த நிப்பாட்டப் போறா. இன்டைக்கு அங்கதான் போயிரிக்கா. நீ போய்ச் செல்லு மச்சான். அந்தப் புள்ள அழுதுக்கிட்டு இரிக்காம்.”

நளீம் சட்டையை மாற்றினான். ஓட்டோவில் ஏறும்போது முனவ்வறாவும் வந்து ஏறினாள், மடியில் சப்பாத்துப் பெட்டி.

“அது என்னத்துக்கு?”

“நீ கதைக்கப் போறாய்தானே. அதுக்குத்தான்.”

அங்கே போனால், பாயில் ஜெமீலின் உம்மா நபீஸா முகத்தை இறுக்கிக்கொண்டு இருந்தார். நடுவில் அந்தச் சாரி, பிரித்தபடி. அபுல் ஹஸன் நின்றுகொண்டிருந்தார். றுமானா திரைச்சீலைக்கு அப்பால். நளீம் ஸலாம் சொல்லிவிட்டு, ஓட்டோவில் தயாரித்த உரையைத் தொடங்கினான்.

“வாடிக்கையாளரோட உணர்வுபூர்வமான ஒரு பிணைப்ப ஏற்படுத்திறது நவீன சந்தைப்படுத்தல்ல...”

“பிணைப்பா!” அபுல் ஹஸன் கையை ஓங்கிக்கொண்டு வந்தார்.

முனவ்வறா பெட்டியைப் பாயில் கவிழ்த்தாள். அட்டைகள் குவிந்தன. அபுல் ஹஸன் ஒன்றை எடுத்து வாசித்தார். பெயரில்லை, மற்றதெல்லாம் அதுவே. இன்னொன்று. அதுவும் அதுவே. மூன்றாவதில் பெயர் இருந்தது.

“அன்பின் கனகரெத்தினத்துக்கு, இதைக் கையால் தொட்டுத் தெரிவுசெய்தபோது உங்களையே... இது ஆரு?”

“பாண்டிருப்பில ஒரு பென்சன்காரர்” என்றாள் முனவ்வறா. “சாரன் கேட்டவரு. நாளைக்கு அனுப்ப வெச்சிரிந்தது.”

நபீஸா அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“உண்மையச் செல்லு தம்பி. இத எழுதக்குள்ள இந்தப் புள்ளைய நெனச்சியா?”

“இல்ல மாமி.”

“இந்தப் பென்சன்காரர?”

“இல்ல மாமி.”

“அப்ப ஆர நெனச்சாய்?”

எவ்வளவு எளிய கேள்வி! தன்னைத்தானே எத்தனை கேள்விகள் கேட்டிருப்பான், இதை ஒருநாளும் கேட்டதில்லை. பொய் சொன்னால் ஒரு பெண்ணின் கல்யாணம் போய்விடும். உண்மையைச் சொன்னால் தன் மானம் மட்டும்தான் போகும். நளீம் தலையைக் குனிந்துகொண்டான்.

“என்ட கையெழுத்த, மாமி.”

முதலில் சிரித்தது திரைச்சீலை. பிறகு முனவ்வறா. அபுல் ஹஸன் சற்றுமுன் ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தாடியைத் தடவினார். நபீஸாவின் முகம் மட்டும் இன்னும் முழுதாக இளகவில்லை.

“அப்ப சாரியத் தெரிஞ்செடுத்ததும் நீங்கதானா?” என்று திரைக்குப் பின்னாலிருந்து கேட்டாள் றுமானா.

‘ஓம்’ என்று சொல்ல நளீமுக்கு வாய் உன்னியது. இந்த இனத்துக்கு அது பிறவிக் குணம். சொல்லவில்லை.

“இல்ல. ஜெமீல்தான். நான் நல்ல பச்சையொன்டக் காட்டினன். வேணாம் என்டுட்டாரு. வீட்டச் சுத்தி வயல், பொறந்ததில இருந்து பச்சையையே பார்த்து அலுத்துப்போயிரிக்கும், வேற நிறம் காட்டு என்டு செல்லிச் செல்லி, இந்த ஊதாவக் காணும்வரைக்கும் என்னை விடல்ல.”

திரைச்சீலை ஓரமாகக் கொஞ்சம் விலகியது. நபீஸா சாரியை மெதுவாக மடித்தார்.

“இது என்ட புள்ளதான்” என்றார். “சின்ன வயசிலயும் சட்டை எடுக்கக் கூட்டிக்கிட்டுப் போனா இப்பிடித்தான் ஆள வதைப்பான். இந்தா மகள், உள்ளுக்கு எடுத்து வை.”

கல்யாணம் நடந்தது. நளீமும் திருந்திவிட்டான். இப்போது வெறும் பழுப்புத் தாளில்தான் பார்சல் கட்டுகிறான். அந்த எளிமையின் மகத்துவம் பற்றி பேஸ்புக்கில் நீண்ட குறிப்பொன்று எழுதி, பழுப்புத் தாளோடு தானும் நிற்கும் படமொன்றையும் போட்டிருக்கிறான்.

நீங்கள் பார்சல் அனுப்புவதில்லையா? நல்லது. நோயாளியைப் பார்க்கப் போய் உங்கள் சத்திரசிகிச்சைக் கதையைச் சொல்லிவிட்டு வந்ததுண்டா? அடுத்த வீட்டுப் பிள்ளை பரீட்சையில் சித்தியடைந்தால், அந்தக் காலத்தில் நீங்கள் எடுத்த புள்ளிகளைச் சொல்லி வாழ்த்தியதுண்டா? இல்லையா? சரி. இதை வாசித்துக்கொண்டு வரும்போது யாரோ ஒருவருடைய முகம் ஞாபகத்துக்கு வந்திருக்கும். அவருக்கு இதை அனுப்பிவைத்தால் என்ன என்றும் தோன்றியிருக்கும். தாராளமாக அனுப்புங்கள். மேலே உங்கள் கையால் இரண்டு வரி எழுதலாமே என்று தோன்றும்போது மட்டும் பேனையைக் கீழே வையுங்கள்.