ஏழாவது துளை

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பாரிட் புந்தாரில் தங்குவதில்லை என்று தேவன் முடிவெடுத்தான். தேவனின் முடிவுகள் உறுதியானவை. குமுதா அடுக்களையை விட்டு வெளியே வரும்வரை அவற்றை யாராலும் அசைக்க முடியாது.

பாரிட் புந்தார் குமுதாவின் பிறந்த ஊர். ஈப்போவிலிருந்து நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஒன்றரை மணி நேரம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தேவன் அங்கே ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. குமுதாவுக்குக் காடி ஓட்டத் தெரியாது, ஆகையால் அவளும் தங்கியதில்லை. காலையில் போவார்கள். மதியம் சாப்பிடுவார்கள். கை கழுவியதும் தேவனுக்கு வயிறு சரியில்லாமல் போகும். இல்லாவிட்டால் அவன் பழுதுபார்க்கும் பிரிவில் வேலை செய்கிற ஆலையில் ஏதாவது ஒரு மோட்டார் புகையும். இரண்டும் இல்லாவிட்டால், வீட்டுக் கேட்டைப் பூட்டினோமா என்ற சந்தேகம் கட்டாயம் வரும். விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஈப்போவில் இருப்பார்கள்.

இத்தனைக்கும் காரணம் குமுதாவின் தம்பி தனேஸ்வரன். தங்கமான பிள்ளை. ஒரே ஒரு குறை, அவன் வீட்டில் கராவோக்கே பெட்டி இருந்தது. பொழுது சாய்ந்தால் மைக்கைப் பிடிப்பான். பிடித்தால் விடமாட்டான். விட்டால் மச்சான் கையில் திணிப்பான். தேவன் பாடினால் கேட்டவர்கள் மன்னித்துவிடுவார்கள், ஆனால் மறக்கமாட்டார்கள்.

இந்தத் தடவை இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. திங்கட்கிழமை பொதுவிடுமுறை. பக்கத்து வீட்டுச் சீனி, பத்து காஜா பக்கம் ஈயம் தோண்டி விட்டுப்போன பழைய லம்பத்துக் குளம் ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தான். ஞாயிறு சாயங்காலம் தூண்டில் போட்டால் கை நீளத்துக்குத் தோமான் மீன் மாட்டும் என்று சத்தியம் செய்தான். தேவன் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டான். வாக்குத் தவறுவது பாவம். மனைவிக்குக் கொடுத்த வாக்கு இதில் சேராது.

சனிக்கிழமை மாலை குமுதா போனை வைத்துவிட்டு வந்தாள்.

"என்னங்க, தம்பிதான் பேசிச்சு. அந்த இரும்புத் தகட்டுல ஆறு ஓட்டை வேணுமாம். வட்டமா, சமமா."

தோட்டம் கைமாறி லயத்து வீடுகளை இடித்தபோது, தனேஸ்வரன் குடும்பத்து முனியாண்டியையும் பெயர்த்துக் கொண்டுவந்து தன் வீட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தான். இப்போது அவருக்கு ஒற்றைத் தூணில் குடை மாதிரி ஒரு கூரை. தூணின் அடியில் ஒட்ட வேண்டிய வட்டத் தகட்டைத் தேவன்தான் ஆலையில் சொல்லி வெட்டி வாங்கி வந்திருந்தான். விரல் தடிமன் இரும்பு.

"நாளைக்குக் காலையில ஓட்டை போட்டு எடுத்துட்டுப் போயிட்டா, சாயங்காலம் வெல்டிங்காரரு வந்து தூணோட ஒட்டிருவாராம். திங்கக்கிழமை காலையில பூசை. ராத்திரி அங்கேயே தங்கிரலாம்."

தேவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். நிபுணர்கள் இப்படித்தான் தொடங்குவார்கள்.

"குமுதா, ஓட்டை போடுறது சுலபம். சமமா ஓட்டை போடுறது ரொம்ப சுசா."

"எவ்வளவு நேரமாகும்?"

"ஆறுக்கா? ஒரு நாள் பூரா ஆகும்."

"ஆறு ஓட்டைக்கு ஒரு நாளா?"

"மயிரிழை தப்புனா போல்ட்டு எறங்காது. போல்ட்டு எறங்கலைன்னா தூணு சாயும். தூணு சாஞ்சா கூரை முனியாண்டி தலையில விழும். அப்புறம் அவரு யாரு தலையில விழுவாருன்னு நெனைக்கிறே?"

குமுதா அடுக்களைப் பக்கம் திரும்பினாள். "அப்ப விடியக்காலையிலேயே ஆரம்பிங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தேவனின் திட்டம் எளிமையானது. ஞாயிறு முழுக்கத் தகட்டோடு மல்லுக்கட்டுவது. மாலையானதும், "முடியலை லா, திங்கக்கிழமை காலையில நேரா பூசைக்குப் போலாம், கூரைக்குப் பதிலா ஒரு கன்வஸைக் கட்டிக்கட்டும்" என்று பெருமூச்சு விடுவது. பிறகு மனச்சோர்வைப் போக்கிக்கொள்ளச் சீனியோடு குளத்துக்குப் போவது.

ஞாயிறு காலை பசியாறிவிட்டுப் போர்ட்டிக்கோவில் உட்கார்ந்தான். காம்பஸ், சென்டர் பஞ்ச், சுத்தியல், சாக்குக்கட்டி எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்பினான். ஆபரேஷன் அறை மாதிரி இருந்தது. கீறல் தெரிவதற்காகத் தகட்டில் சாக்குக்கட்டியை வெள்ளையாகத் தேய்த்து, நடுப்புள்ளி குத்தி, தனேஸ்வரன் சொன்ன அளவுக்குக் காம்பஸை விரித்து ஒரு வட்டம் கீறினான்.

அப்போது குமுதா ஒரு தட்டு சின்ன வெங்காயத்தோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"நீ உள்ள போயி உரிக்கலாம்ல?"

"இங்க காத்து வருதுங்க. நீங்க செய்யுங்க, நான் பார்க்கிறேன்."

தேவன் காம்பஸைக் கீழே வைத்தான். விஷயம் இதுதான். ஆறு துளைக்கு அளவே தேவையில்லை. வட்டம் கீறிய காம்பஸை விரித்தது விரித்தபடி வைத்து, வட்டத்தின்மேல் அடியெடுத்து வைத்துக்கொண்டு போனால் போதும். ஆறாவது அடி, தொடங்கிய புள்ளியிலேயே வந்து நிற்கும். ஐந்து நிமிஷ வேலை. ஆலையில் நேற்றுச் சேர்ந்தவனுக்குக்கூடத் தெரியும். குமுதாவின் கண்ணெதிரே அது நடந்தால் ஒரு நாள் கணக்கு என்னாவது?

முனியாண்டிதான் கைகொடுத்தார்.

"குமுதா, ஆறுன்னா சொன்னான் ஒன் தம்பி?"

"ஆறுதான்."

"ரெட்டைப்படை. சாமி காரியத்துக்கு யாராவது ரெட்டைப்படையில செய்வாங்களா? மொய் வைக்கிறப்ப நூறு வைக்கிறோமா, நூத்தியொண்ணு வைக்கிறோமா?"

"நூத்தியொண்ணு."

"அந்த ஒண்ணை இங்கேயும் கூட்டணும். ஏழு போட்டுருவோம்."

ஏழை எந்தக் காம்பஸாலும் நேராகப் பிடிக்க முடியாது. கூட்டிக் குறைத்து, தட்டுத் தடுமாறித்தான் பிடிக்க வேண்டும். ஒரு முழு நாளை அதற்குள் வசதியாகத் தொலைத்துவிடலாம்.

குமுதாவின் கையில் வெங்காயம் அப்படியே நின்றது. "ஏழா?"

"ஏழு."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு லா?"

"சரிங்க. நீங்க சொன்னா சரிதான்."

கல்யாணமான நாள் முதல் குமுதா இந்த வாக்கியத்தைச் சொன்னதே கிடையாது. வேறொருவனாக இருந்தால் அங்கேயே கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு நடுங்கியிருப்பான். தேவனோ உற்சாகமாகக் காம்பஸைக் கொஞ்சம் ஒடுக்கினான்.

முதல் சுற்றில் ஏழாவது அடி தொடக்கப் புள்ளியைத் தாண்டிப் போய்விட்டது. "பார்த்தியா?" என்றான் பெருமையாக. இரண்டாவது சுற்றில் எட்டாமல் நின்றது. "சொன்னேன்ல?" அழித்தான், சாக்குக்கட்டி தேய்த்தான், மறுபடியும் அடி வைத்தான். ஒவ்வொரு தோல்விக்கும் அவன் முகம் மலர்ந்தது. இந்த வேகத்தில் போனால் சாயங்காலம் வரை வெற்றி எட்டிப்பார்க்காது என்று அவனுக்கு நம்பிக்கை பிறந்தது.

வெங்காயம் முடிந்தது. குமுதா கையைத் துடைத்துக்கொண்டு பழைய பேப்பர் ஒன்றை எடுத்தாள். நீளமாக ஒரு பட்டை கிழித்தாள். தகட்டின் விளிம்பைச் சுற்றி இறுக்கிப் பிடித்து, நுனி சேர்ந்த இடத்தில் கத்தரித்தாள்.

"என்ன செய்யிறே?"

"பட்டை தகட்டு விளிம்பு நீளம் இருக்கா?"

"இருக்கு."

"அதை ஏழு கொசுவமா மடிக்கப் போறேன்."

"கொசுவமா?"

"சேலை கட்டத் தெரிஞ்சவளுக்கு இது என்னங்க பெரிய காரியம்?"

விரல்கள் முன்னும் பின்னும் ஓடின. கொஞ்சம் தள்ளினாள், கொஞ்சம் இழுத்தாள், தட்டிச் சமன்படுத்தினாள். ஏழு மடிப்பும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கச்சிதமாக உட்கார்ந்தன. பிரித்து மறுபடியும் விளிம்பில் சுற்றி, மடிப்பு விழுந்த இடத்திலும் நுனி சேர்ந்த இடத்திலும் பென்சிலால் ஒரு கோடு இழுத்தாள்.

"இந்தக் கோட்டுலேருந்து நடுப்புள்ளிக்கு நேரா இழுங்க. உங்க வட்டத்துல எங்க வெட்டுதோ, அங்க ஓட்டை."

தேவன் அவசரமாகக் காம்பஸால் சோதித்தான். எங்காவது ஒரு நூல் தப்பியிருக்காதா என்று முனியாண்டியையே வேண்டிக்கொண்டான். ஏழு இடைவெளியும் அச்சுப் பிசகாமல் இருந்தன.

"அலாமாக்" என்றான்.

"என்னங்க, தப்பா?"

"இல்ல. சரியா இருக்கு."

"அப்ப டிரில்லை எடுங்க. நான் குளிச்சிட்டு வாரேன்."

ஏழு துளையும் போட்டு முடித்துக் கிளம்பியபோது பொழுது மதியத்தை நெருங்கவில்லை. வழி நெடுக தேவன் கணக்குப் போட்டான். தகட்டை இறக்கி வைத்துவிட்டு, சாப்பிட்டு, வயிற்று வலியை வரவழைத்தால், சாயங்காலம் குளத்தங்கரையில் இருக்கலாம். குமுதா பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். காடியின் பின்சீட்டில் பெரிய பை ஒன்று இருந்தது. பூசைச் சாமான் என்று நினைத்துக்கொண்டான்.

தனேஸ்வரன் வாசலுக்கே ஓடி வந்தான். "வாங்க மச்சான்! தகட்டைக் குடுங்க, வச்சுப் பார்த்துருவோம்."

முனியாண்டிக்கு முன்னால் புதுச் சிமெண்டு மேடை. தேவன் அதைப் பார்த்தான். பார்த்ததும் நின்றுவிட்டான்.

ஆலையில் அவர்கள் தகட்டை வைத்துவிட்டு, அதன் துளைகளைப் பார்த்துத்தான் சிமெண்டில் துளை போடுவார்கள். இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டான். கேட்கவே இல்லை. மேடையிலோ போல்ட்டுகளை முன்னாலேயே நட்டுச் சிமெண்டு ஊற்றியாகிவிட்டது. பளபளவென்று வட்டமாக நின்றன. தேவன் எண்ணினான். மறுபடியும் எண்ணினான். ஆறு.

தகட்டை இறக்கினார்கள். ஒரு போல்ட்டு உள்ளே போனது. மற்ற ஐந்தும் தகட்டின் அடியில் முட்டிக்கொண்டு நின்றன.

"அக்கா, ஆறுன்னுதானே சொன்னேன்?" என்றான் தனேஸ்வரன். "போல்ட்டெல்லாம் நட்டாச்சுன்னு படம்கூட அனுப்பினேனே!"

"ஆமாம்பா, பார்த்தேன்" என்றாள் குமுதா. "மச்சான்தான் சாமி காரியம், மொய் மாதிரி ஒண்ணு கூட்டணும்னாரு. அவருக்குத் தெரியாததான்னு விட்டுட்டேன்."

தேவன் அவளைப் பார்த்தான். அவள் முனியாண்டியைப் பார்த்தாள்.

தனேஸ்வரனின் மனைவி ஷாமினி, வந்திருந்த சொந்தக்காரர்கள், கூரைத் தகரம் இறக்க வந்தவர்கள் என்று எல்லாரும் சுற்றி நின்றுவிட்டார்கள்.

"பரவாயில்லை" என்றாள் குமுதா. "தகட்டுல எடம் இருக்கு. பொருந்தின ஒண்ணை வச்சுக்கிட்டு ஆறாப் போட்டுரலாம். டிரில், காம்பஸ் எல்லாம் எடுத்து வந்திருக்கேன். ஏங்க, ஆறு போட எவ்வளவு நேரமாகும்?"

அன்பாகத்தான் கேட்டாள். தேவன் இரண்டு பதிலையும் மனசுக்குள் நிறுத்துப் பார்த்தான். அடையாளம் வைக்க அஞ்சு நிமிஷம், துளைக்க ஒரு மணி நேரம் என்று உண்மையைச் சொன்னால், சாப்பிட்டுக் கிளம்பி நேராகக் குளத்துக்குப் போய்விடலாம். ஆனால் நேற்று ஒரு நாள் பூரா என்று சொன்னது என்னாகும்? இத்தனை வருஷத்து வயிற்று வலியும் மோட்டார் புகையும் பூட்டாத கேட்டும் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுக்கப்படும். அதுவும் அவள் பிறந்த வீட்டில், சபை நடுவே.

"பொழுது சாஞ்சிரும்" என்றான் மெல்ல.

"அப்ப ராத்திரி இங்கதான்!" என்று தனேஸ்வரன் குதித்தான். குமுதா காடியைத் திறந்து அந்தப் பெரிய பையை எடுத்தாள். தேவனின் சாரோங் அதன் வாயிலேயே தெரிந்தது.

சொல்லிவிட்டதால் நடிக்க வேண்டியதாயிற்று. ஐந்து நிமிஷ வேலையை மாலை வரை இழுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தேவனுக்குத் தெரிந்தது. காம்பஸ் முள்ளை ஊன்றுவதற்காகப் பொருந்திய துளையில் ஒரு மரக்குச்சியை அடைத்தான். தகட்டைத் துடைத்தான். சாக்குக்கட்டி தேய்த்தான். ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தான். மறுபடியும் துடைத்தான். தனேஸ்வரன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "என்னா பொறுமை மச்சான் உங்களுக்கு!" என்று வியந்தான். இடையில் சீனியிடமிருந்து ஒரு படம் வந்தது. கை நீளம் என்று சொன்னது பொய். அதைவிட நீளமாக இருந்தது மீன்.

வீட்டுக்குள்ளே குமுதாவும் ஷாமினியும் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். குமுதா இப்படி வயிறு குலுங்கச் சிரித்து ஈப்போவில் அவன் கேட்டதே இல்லை. கேட்கக் கேட்கத் தேவனுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஒரு ராத்திரிதானே, எப்போதோ தங்கியிருக்கலாமே என்றும் தோன்றியது. ஆனால் மீனை நினைத்தால் வயிறு நிஜமாகவே வலித்தது.

வெயில் இறங்கியதும் குமுதா கோப்பி கொண்டு வந்தாள். தம்பி உள்ளே மைக்கைத் துடைக்கப் போயிருந்தான். தகட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தேவன் பக்கத்தில் குந்தினாள்.

"வெல்டிங்காரரு கிளம்பிட்டாராம். போதுங்க, முடிச்சிருங்க. வட்டம் கீறின காம்பஸை அப்படியே வச்சுச் சுத்திப் போனா, ஆறாவது அடியில தானா வந்து நிக்கும்."

தேவன் கோப்பியைக் கீழே வைத்தான்.

"குமுதா, இது ஒனக்கு நேத்தே தெரியுமா?"

"நேத்தா? தமிழ்ப்பள்ளியில காம்பஸ் கையில கெடைச்ச அன்னிக்கே தெரியும். எல்லாப் பிள்ளைங்களும் நோட்டுல வரையிற ஆறிதழ்ப் பூதானே லா இது!"