மூலை மிலிட்டரியின் மூடிய கை

காலை மணி ஆறு பத்து. பால் வாங்கத் தெருவில் இறங்கினேன். எதிர்மூலைச் சுவரின் விளிம்பில், முழங்கால் உயரத்தில், ஒரு கண்ணும் பாதி மீசையும் தெரிந்தன. மர்பி டவுனுக்குக் குடிவந்த மறுநாள் நான் முதலில் பார்த்தது அதைத்தான்.

பெங்களூரில் நடுத்தெருவில் கால் வைக்காமலே ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறுகளைக் கடத்தியவர் ஒருவர் உண்டென்றால் அது மூலை மிலிட்டரிதான். காலாட்படையிலிருந்து ஓய்வு பெற்றவர். சுவரை ஒட்டித்தான் நடப்பார். ஜன்னல் வந்தால் அதற்குக் கீழே குனிந்து போவார். திறந்த வாசல் வந்தால் ஒரே பாய்ச்சல். மூலையில் மண்டியிட்டு எட்டிப் பார்ப்பார்.

"நின்னு பாத்தா தலை எங்க வரும்னு அவனுக்குத் தெரியும் சார். அங்கதான் குறி வச்சிருப்பான்."

"எவன்?"

"எவனாவது."

மனைவியோடு கடைக்குப் போனாலும் இருவருக்கும் நடுவே பத்தடி இருக்கும். சேர்ந்து போனால் சேர்ந்து விழவேண்டும் என்பது கணக்கு. "சண்டைக்குப் போயிட்டு வந்ததுலேருந்து பக்கத்துல நடந்ததே இல்ல இந்த மனுஷன். பாக்கறவங்க நான் தொரத்திட்டுப் போறேன்னு நெனைக்கறாங்க" என்பார் அந்த அம்மா.

ஆட்டோக்கார பாஷா தினமும் மூலையில் வண்டியை நிறுத்தி வம்பிழுப்பான். "ஏன் மிலிட்டரி, ரூட் கிளியரா? ஹோகலாமா, போலாமா?"

எல்லாக் கேலிக்கும் சிரிக்கும் மனிதர் இதற்கு மட்டும் சிரிக்கமாட்டார். மூடிய கையை உயர்த்துவார். நில் என்று அர்த்தம். கையை விரித்து 'வா' என்று அவர் யாரையும் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை.

ஒருநாள் டீக்கடையில் அவராகவே சொன்னார். "ஒரு டவுனுக்குள்ள போனோம். முன்னாடி வேவு பாக்கறது நான். மூலையில பாத்தேன். தெரு காலி. கையக் காட்டினேன். பின்னாடி இருந்தவன் வந்தான்."

டீயை ஒரு வாய் குடித்தார்.

"மாடிய பாக்கல சார்."

மிலிட்டரியின் மகள் அமுதாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு. அவர்கள் வழக்கப்படி பெண்ணின் அப்பா தெருமூலையில் நின்று கைகாட்டி அழைக்கவேண்டும். அப்போதுதான் மாப்பிள்ளை வீட்டார் மண்டபம் இருக்கும் தெருவுக்குள் வருவார்கள். ஊர்வலம் மூலைக்கு வந்தது. பட்டு வேட்டியோடு மண்டியிட்டிருந்தவர் எழுந்தார். மூடிய கையை உயர்த்தினார்.

நாயனம் நின்றது. மாப்பிள்ளையின் தாய்மாமன் கொதித்தார். "என்னய்யா இது, பொண்ணப் பெத்தவனே வழி மறிக்கிறான்? வாங்கன்னு கைகாட்டச் சொல்லுங்க. இல்லேன்னா இப்பவே ஜீவனஹள்ளிக்கு வண்டியத் திருப்பறோம்!"

மிலிட்டரியின் நெற்றியில் வியர்வை. கை மட்டும் திறக்கவில்லை. அவர் கண் ஒவ்வொரு மாடியாகப் போய்க்கொண்டிருந்தது. மாடிகள் முழுக்க வேடிக்கை பார்க்கும் தலைகள்.

மண்டப வாசலிலிருந்து அமுதா மாலையோடு ஓடிவந்தாள். நடுத்தெருவில் நின்று அண்ணாந்து கத்தினாள்.

"மாடியில இருக்கறவங்க எல்லாம் கையத் தூக்குங்க! அப்பா பாக்கணும்!"

முதலில் ஒரு மாடியிலிருந்து இரண்டு கைகளையும் தூக்கியவன் பாஷா. பிறகு அடுத்த மாடி. பிறகு எல்லா மாடிகளும். ஒரு பாட்டி வெற்றிலைப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தூக்கினாள்.

மிலிட்டரி ஒவ்வொரு கையாகப் பார்த்தார். பிறகு தன் கையை விரித்தார்.

மாப்பிள்ளை வீட்டார் நடுத்தெருவில் வந்தார்கள். அவர் சுவரோரமாக மண்டபத்துக்கு நடந்தார். அமுதா அவருக்குப் பத்தடி பின்னால், சுவரை ஒட்டி வந்தாள்.