மாமாவின் கார்பன் சைக்கிளுக்கு எண்ணெய்க் குளியல்

இன்ஜினீயரிங் படித்தவன் கையில் ஸ்பேனர் கொடுப்பது ஆபத்து. படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருப்பவன் கையில் கொடுப்பது பேராபத்து. நான் அப்போது இரண்டாவது ரகம்.

அக்காவுக்குத் தலை தீபாவளி. சென்னை மாமா, அக்காவோடு, இரும்புக்குப் பதில் கார்பன் இழையில் செய்த தன் சைக்கிளையும் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுவந்துவிட்டார். (இரண்டில் எதைப் பத்திரமாக இறக்கினார் என்று அக்கா இன்றும் கேட்கிறாள்.) கல்வராயன் மலையேறி வெள்ளிமலையைத் தொட வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

"கூட மொபெட்ல போ. மாப்ள மனசு கோணாம பாத்துக்கோ" என்றாள் அம்மா.

போயிருந்தால் போதும். ஆனால் வீடே எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் நாளில் சைக்கிள் மட்டும் காய்ந்து நிற்பதா? சைக்கிளென்றால் இரும்பு, இரும்பென்றால் எண்ணெய். சீட்டைத் தண்டோடு உருவி, அம்மா மிளகு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைத் தாராளமாகத் தடவிச் சொருகினேன்.

மலையில் இரண்டாவது வளைவிலேயே மாமா குள்ளமாகத் தெரிந்தார். மூன்றாவதில் அவர் முழங்கால் முகவாயை இடித்தது.

"இன்னா மச்சான், சீட்டு எறங்கிக்கினே போவுது?"

தன் பையிலிருந்து போல்ட் முடுக்கும் ஒரு திருகுசாவியை எடுத்து நீட்டினார். போதிய இறுக்கம் வந்ததும் 'கிளிக்' என்று சொல்லுமாம். சீட்டை உயர்த்தி போல்ட்டைத் திருகினேன். கிளிக். ஏறி உட்கார்ந்தார். சீட் இறங்கியது. மறுபடி கிளிக், மறுபடி இறக்கம். எனக்குத் தலை சுற்றியது. படித்த இயற்பியலையெல்லாம் ஓட்டிப் பார்த்துக் கடைசியில் கண்டுபிடித்தேன்: சாவி ரிப்பேர்!

மாமா தண்ணீர் குடிக்கத் திரும்பிய நேரம், மொபெட் டூல்ஸில் கிடந்த 'எல்' வடிவச் சாவியில் நெம்ப வாகாக ஒரு குழாயைச் சொருகி, பல்லைக் கடித்து அழுத்தினேன்.

டக்.

அது கிளிக் இல்லை என்று எனக்கே தெரிந்தது. சீட் தண்டில் நீளமாக ஒரு விரிசல். மாமா குனிந்து பார்த்தார். பிறகு மோந்து பார்த்தார்.

"இன்னாடா இது, ரசம் வாசன வருது?"

சொன்னேன்.

"கார்பன் வழுக்குனா எப்பிட்றா நிக்கும்? அதுக்குன்னு மணலாட்டம் நெறநெறன்னு ஒரு பசை இருக்குது. எண்ணெய தொடச்சிட்டு அத்த தடவி, கிளிக் வந்தா நிறுத்திக்கணும். மேல இறுக்குனா ஒடஞ்சிபூடும்!"

"ஒடஞ்சிடுச்சி மாமா."

வெள்ளிமலையைத் தொடாமலே திரும்பினோம். விரிசலில் உட்கார முடியாதென்று, கள்ளக்குறிச்சி வரை பெடல்மேல் நின்றுகொண்டே வந்தார் புது மாப்பிள்ளை. எதிர்வீட்டம்மா எங்கள் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டாள்: "இன்னாம்மா, மாப்ள நின்னுக்கினே வராரு? வாங்கிக் குடுத்த மோதிரம் பத்தலியா?"

போன மாதம் எனக்குக் கல்யாணம். தாலியைக் கையிலெடுத்து முடிச்சுப் போடக் குனிந்தேன். கெட்டிமேளத்தையும் மீறிப் பின்னாலிருந்து மாமாவின் குரல்: "மச்சான், லேசா! டக்குன்னு கேக்கப் போவுது!"

மண்டபமே சிரித்தது, கதை தெரியாத மணப்பெண்ணைத் தவிர. அன்று சாயங்காலமே அக்கா அவளிடம் சொல்லிவிட்டாள். இப்போது எங்கள் வீட்டில் தண்ணீர்க் குழாயைக்கூட அவள்தான் மூடுகிறாள்.