முறை தெரியாத மாப்பிள்ளை

பெண் பார்க்கப் போன இடத்தில் ஆண்கள் பொய் சொல்வது வழக்கம்தான். ஒருவர் சிகரெட்டைத் தொட்டதே இல்லை என்பார், இன்னொருவர் உப்பு குறைந்தாலும் பேசாமல் சாப்பிடுவேன் என்பார். நான் சொன்ன பொய் கொஞ்சம் விசித்திரமானது. எனக்கு நடக்கப் பிடிக்கும் என்று சொல்லிவிட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. வில்லாபுரத்தில் வீடு, காளவாசலில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. தெருமுனையில் பால் பாக்கெட் வாங்கக்கூட மொபெட்டை உதைத்துக் கிளப்புகிறவன் நான். (மொபெட் கிளம்பாத நாட்களில் எங்கள் வீட்டில் கடுங்காப்பிதான்.)

பெண்ணின் பெயர் ஹேமா. வீடு தல்லாகுளம். காபி தட்டை நீட்டியபோது என் சட்டைப் பொத்தான் ஒரு துளை மாறிப் போட்டிருப்பதைப் பார்த்து உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். எனக்கு அங்கேயே முடிவாகிவிட்டது. முடிவாகாதது அவளுடைய அப்பாவுக்கு. ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு தவறாமல் குடை, அளவு டேப், நீல அட்டை நோட்டு சகிதம் பழைய கல் எங்கே இருக்கிறது என்று தேடிப் போகிறவர். பன்னிரண்டு வருஷத்துக் கல்லெல்லாம் அந்த ஒரு நோட்டில்தான் இருந்தது.

"நடப்பீங்களா?" என்று கேட்டார். (எங்கள் இரண்டு வீட்டிலும் பேச்சு சௌராஷ்டிரம். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.)

"தினமும் நடப்பேன் சார். பெரியாறு கால்வாய் ஓரமா உள்ள பழைய இடமெல்லாம் எனக்கு அத்துப்படி."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் முகம் விளக்குப் போட்டது போல் ஆனது. "அப்ப வர்ற ஞாயிற்றுக்கிழமை நீங்களே கூட்டிட்டுப் போங்க. ஹேமாவும் வரட்டும். ஒரு மனுஷனோட அஞ்சு மைல் நடந்தா அவனைத் தெரிஞ்சுக்கலாம். அதுக்கப்புறம் பதில் சொல்றேன்" என்றார்.

அந்த வாரம் முழுக்க நூலகத்தில் உட்கார்ந்து கால்வாய், மதகு, சமணர் குகை என்று கிடைத்ததையெல்லாம் துண்டுச் சீட்டில் எழுதி மனப்பாடம் செய்தேன். வெள்ளை நிறத்தில் புது ஷூ ஒன்றும் வாங்கினேன். ஞாயிறு காலை ஏழு மணிக்கு டவுன் பஸ்ஸில் ஒத்தக்கடை போய் இறங்கினோம். கால்வாயின் கிளை ஒன்று அங்கிருந்து வயல்களுக்கு நடுவே ஒரு குன்றை நோக்கிப் போகிறது. குன்றில் சமணர் படுகைகள் இருப்பதாக என் சீட்டு சொன்னது.

கால் மணி நேரத்தில் ஷூ கடிக்கத் தொடங்கியது. கரை நெடுகக் கருவேல முள் வேறு. கால்வாயோ காய்ந்து, மணல் விரித்த ராஜபாட்டையாகக் கிடந்தது.

"உள்ள இறங்கி நடக்கலாம் சார். விஷயம் தெரிஞ்சவங்க எல்லாம் இப்படித்தான் போவாங்க" என்றேன்.

அவர் மரியாதையோடு இறங்கினார். கொஞ்ச தூரத்தில் கல்லால் கட்டிய மதகு ஒன்று வந்தது. "இது பாண்டியர் காலம்" என்று அறிவித்தேன். அவர் குனிந்து பாசியைச் சுரண்டினார். அடியில் ஆங்கில எழுத்தில் யாரோ ஒரு துரையின் பெயர் இருந்தது.

"பாண்டியருக்கு இங்கிலீஷ் தெரியுமாப்பா?" என்று ஹேமா அப்பாவியாகக் கேட்டாள். (அவள் அப்பாவி இல்லை என்பது எனக்குப் பிறகு நன்றாகவே தெரியவந்தது.) அவர் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். கல்லைப் பற்றியா என்னைப் பற்றியா என்று தெரியவில்லை.

மதகைத் தாண்டி ஒரு சின்னப் பாலம். அதன் நிழலில், கால்வாய்க்குள்ளேயே ஜமுக்காளம் விரித்தோம். டிபன் கேரியரை நடுவில் வைத்தோம், நோட்டை அதன் பக்கத்தில் வைத்தோம். அப்பாவும் மகளும் டேப்பை எடுத்துக்கொண்டு திரும்ப மதகை அளக்கப் போனார்கள். நான் ஷூவைக் கழற்றிக் கொப்புளங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அப்போது கரைமேல் தலையில் துண்டு, தோளில் மண்வெட்டியோடு ஒருவர் வந்து நின்றார்.

"தம்பி, முறை தெரியும்ல?" என்றார்.

வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் மதுரைத் தமிழ் என்று வளர்ந்தவன் நான். வயல்காட்டுத் தமிழ் எனக்கு மூன்றாவது பாஷை. எனக்குத் தெரிந்து முறை என்றால் அத்தை பெண், மாமன் மகன், யாருக்கு யார் கட்டிக்கொள்ளும் உறவு என்பதுதான். கிராமத்து ஆட்கள் ஒரு பார்வையிலேயே எவ்வளவு கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்று வியந்து போனேன்.

"தெரியும்ணே" என்றேன், வெட்கத்தோடு. "முறைதான்."

"அது சரி, தெரிஞ்சுதான் உக்காந்திருக்கீகளா. எப்பன்னு சொன்னாகளா?"

"இன்னும் சொல்லலண்ணே. எல்லாம் அந்தா நிக்கிறாருல்ல, அவரு கையிலதான் இருக்கு."

அவர் திரும்பிப் பார்த்தார். மதகடியில் குடையும் டேப்புமாக ஒரு பெரியவர் அளந்துகொண்டிருந்தார். இவர் சட்டென்று தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஐயா கையிலயா? எங்களுக்குப் பத்து மணின்னுல்ல சொன்னாக."

"பத்து மணின்னா நல்ல முகூர்த்தம்தாண்ணே. சீக்கிரம் நடந்தாச் சரி."

"அதச் சொல்லுங்க. அம்புட்டுப் பேரும் அதுக்குத்தான் காத்துக் கெடக்கோம்."

முன்பின் தெரியாத ஊரே என் கல்யாணத்துக்குக் காத்துக் கிடக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்களும் குடும்பத்தோட வந்துரணும்ணே" என்றேன்.

"வராம? ஊரே வரும் தம்பி. மம்பட்டியோட வந்துருவோம்."

கல்யாணத்துக்கு எதற்கு மண்வெட்டி என்று ஒரு கணம் தோன்றியது. (அந்தப் பக்கத்து வழக்கம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.) அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு வயலுக்குள் இறங்கிப் போனார்.

மற்ற இருவரும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். புளியோதரை இலைக்கு வந்தது. முதல் கவளத்தை வாயில் வைத்தபோது, சருகுகளும் நுரையும் ஒற்றைச் செருப்பு ஒன்றும் கூட்டமாக எங்களை நோக்கி நகர்ந்து வருவதைக் கண்டேன்.

"பானி" என்றாள் ஹேமா. தண்ணீர் என்று அர்த்தம்.

அவள் சொல்லி முடிப்பதற்குள் ஜமுக்காளம் மிதந்தது. டிபன் கேரியர் மூடி தனியாகவும் அடுக்கு தனியாகவும் பயணம் புறப்பட்டது. என் வெள்ளை ஷூ ஜோடியாக, ஒற்றுமையாக, மேலூர்ப் பக்கம் போனது. அதன் பின்னாலேயே நீல நோட்டு கிளம்பியது. பெரியவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பெற்ற பிள்ளை கிணற்றில் விழுந்தால் வருமே, அந்தச் சத்தம்.

நான் பாய்ந்தேன். நோட்டு கைக்குள் வந்தது, கால் வழுக்கியது. நோட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, "எனக்கு நீச்சல் தெரியாது, எனக்கு நீச்சல் தெரியாது" என்று யானைமலைக்குக் கேட்கும்படி அலறினேன்.

பக்கத்தில் ஹேமா நின்றுகொண்டிருந்தாள். "எந்திரிங்க" என்றாள்.

எழுந்தேன். தண்ணீர் முழங்காலுக்குத்தான் இருந்தது. வழுக்கி உட்கார்ந்துவிட்டதால் எனக்குக் கழுத்து வரை வந்திருக்கிறது.

சத்தம் கேட்டு ஓடிவந்த மண்வெட்டிக்காரர் துண்டை வீசி எங்களை ஒவ்வொருவராகக் கரையேற்றினார். பிறகு பெரியவரைப் பார்த்து, "ஏய்யா, தொறந்துவிடச் சொல்லிட்டு நீங்களே உள்ள உக்காந்து சாப்புடலாமா?" என்று வருத்தப்பட்டார்.

"நான் எதைத் திறந்தேன்?" என்றார் பெரியவர்.

"முறைத் தண்ணிதான். அஞ்சு நாளைக்கு ஒருக்கா எங்க பக்கம் விடுவாக, இன்னைக்கு எங்க முறை. டேப்போட நிக்கவும் கால்வாய் ஆபீசருன்னு நெனச்சேன், தம்பியும் எல்லாம் உங்க கையில இருக்குன்னாரு. எப்பன்னு இன்னும் நீங்க சொல்லலையாம், பத்து மணி நல்ல முகூர்த்தமாம், சீக்கிரம் நடந்தாச் சரியாம். என்னையக்கூட குடும்பத்தோட வரச் சொன்னாரே."

நான் பேசியது முழுவதையும், ஒரு சொல் விடாமல், ஹேமாவின் முன்னால் ஒப்பித்தார். எனக்கு மறுபடி கால்வாயில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் போலிருந்தது. ஹேமா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முதுகைத் திருப்பினாள். முதுகு குலுங்கியது.

சமணர் படுகைகளை நாங்கள் பார்க்கவில்லை. வெறுங்காலோடு பஸ்ஸுக்கு நடந்தபோது பெரியவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். நடந்ததே இல்லை, கால்வாயைப் பார்ப்பதே இன்றுதான், எல்லாம் சீட்டில் படித்தது என்றேன். ஹேமாவை இனிப் பார்க்கவே முடியாது என்று நினைத்தேன். அவர் நோட்டை வெயிலில் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். ஓரம்கூட நனைந்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் பெரியவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் அப்பா பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, நிதானமாகச் சொன்னார்.

"உங்க பையனுக்கு நடக்கவும் தெரியாது, நீந்தவும் தெரியாது. சரித்திரம் சுத்தமாத் தெரியாது. ஆனா அந்த மனுஷனைக் குடும்பத்தோட கல்யாணத்துக்குக் கூப்பிட்டுட்டார். கூப்பிட்டப்புறம் நடத்தாம இருந்தா மரியாதையா இருக்காது."

கல்யாணத்தன்று பத்து மணி முகூர்த்தத்துக்கு மண்வெட்டிக்காரர் குடும்பத்தோடு வந்தார். கையில் மண்வெட்டி இல்லை, நான் கவனித்துப் பார்த்தேன். மேடையேறி என் காதருகே குனிந்து, "தம்பி, இது உங்க முறை" என்றார். மாமனார் சிரித்த சிரிப்பில் நாதஸ்வரக்காரர் ஒரு கணம் வாசிப்பை நிறுத்திவிட்டார்.

எங்கள் தெருவில் மாநகராட்சித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறது. குழாய் இரைந்ததும் ஹேமா சமையலறையிலிருந்து, "முறை வந்துருச்சு" என்று குரல் கொடுப்பாள். குடத்தை எடுத்துக்கொண்டு நான் ஓடவேண்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம். ஆனால் அதற்கு முன்னால் என் இரண்டு காலும் தானாக நாற்காலிமேல் ஏறிவிடும். எங்கள் மகள் அதைப் பார்த்துவிட்டு, அம்மாவின் அதே குரலில், "எந்திரிங்க" என்பாள்.