ரூல்காரர் சேர்த்த ஒரு வரி

ஓசூரின் அத்தனை கம்பெனிகளையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் எங்கள் ரூல்காரரைப் போல இன்னொருவர் அகப்பட்டிருக்க மாட்டார். இரண்டாயிரங்களின் நடுவில், கியர் செய்யும் கம்பெனி ஒன்றில் நான் பயிற்சித் தொழிலாளி. அவர் தரப் பிரிவில் கம்ப்யூட்டர் பார்ப்பவர். மத்திகிரியில் ஒரே வாடகை வீட்டில் இருந்தோம். அவர் சிங்காரப்பேட்டைப் பக்கம். நிஜப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

மற்றவர்கள் கம்ப்யூட்டருக்கு வேலை சொல்வார்கள். இவர் சேதியும் ரூலும் சொல்வார். ‘மூன்றாம் மெஷினில் இன்னார் நின்றார்’ என்பது சேதி. ‘கியர் அளவு தப்பினால் மெஷினில் நின்றவர் பொறுப்பு, அளக்கும் கேஜ் பழுதென்றால், பழுதாக்கியவர் பொறுப்பு’ என்பது ரூல். கேள்வி கேட்டால் இரண்டையும் கோத்து அது பதில் சொல்லும். எழுதாத சேதி எதுவும் நடக்கவே இல்லை என்று சாதிக்கும். அவரும் அப்படியே.

ஒருநாள் காலைப் பனியில் டவுன் பஸ் வந்தது. நான் ஏறிவிட்டேன். அவர் நின்றுகொண்டே இருந்தார்.

“போர்டு இல்லீங்களே. அப்ப இது ஓசூர் போவாது.”

“யோவ், தெனமும் இதுலதான வர்ற? ஓசூர்தான் போவுது, ஏறுய்யா!” என்று கண்டக்டர் கத்தினார்.

“இத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்லீங்க.”

சாவகாசமாக ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து மேகம் பார்க்க ஆரம்பித்துவிட்டார். மேகம் பார்ப்பது அவருடைய இன்னொரு உத்தியோகம். இறங்கும் இடத்தில் நான்தான் தோளைத் தட்டுவேன்.

ஒருமுறை, அனுப்பிய கியர்களெல்லாம் அளவு தப்பித் திரும்பி வந்தன. யார் பொறுப்பு என்று மேனேஜர் இவரைக் கேட்க, இவர் கம்ப்யூட்டரைக் கேட்க, திரையில் என் பெயர் வந்தது. வேலை நிரந்தரமாக எனக்கு இரண்டே மாதம் இருந்தது. இனி சொந்த ஊரான விருதுநகருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

“அண்ணே, ஒவ்வொண்ணா கேஜ் வச்சு அளந்துதான்ணே விட்டேன்!”

“இருக்கலாம் தம்பி. ஆனா இருக்கிற சேதிக்கு அதான் பதிலு.”

எனக்கு வந்த கோபத்தில் அன்று சாப்பாட்டைக்கூடத் தனியாகச் சாப்பிட்டேன். அவரோ வீட்டு வாசலில் உட்கார்ந்து, எதிரே இருந்த மாட்டுப்பண்ணைக்கு மேலே நகரும் மேகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று திரும்பினார்.

“நீ அளந்தது பச்சை பெயின்ட் வச்ச கேஜா?”

“ஆமா. இப்ப என்ன அதுக்கு?”

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

மறுநாள் மேனேஜரைக் கூட்டிவந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். “ஒரு சேதி விட்டுப்போச்சுங்க சார்” என்று ஒரே ஒரு வரி சேர்த்தார்: பச்சை கேஜ் தன் கையிலிருந்து கீழே விழுந்தது. நான் அளப்பதற்கு முன்பே, முற்றத்தில் மேகம் பார்த்தபடி அதைக் கொண்டு நடந்தபோது தவறவிட்டு, எடுத்து வைத்து, மறந்தே போயிருக்கிறார். ‘கீழே விழுந்த கேஜ் எதுவும் பழுதுதான்’ என்று அவரே முன்பு எழுதிய ரூலும் உள்ளே இருந்தது. மறுபடி கேள்வி கேட்டார். இம்முறை அவருடைய பெயரே வந்தது.

“இப்பதாங்க பதில் சரியா வருது!”

பரிசு வாங்கியவர் மாதிரி சிரித்தார். மேனேஜர் சிரிக்கவில்லை. அந்த வாரமே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

வழியனுப்பப் போனேன். அவர் ஊர்ப்பக்கம் போகும் ஊத்தங்கரை பஸ்ஸில் போர்டு பளிச்சென்று இருந்ததால் தயங்காமல் ஏறிவிட்டார். சொல்ல வந்ததை விட்டுவிட்டு, அவர் பையை ஜன்னல் வழியே நீட்டினேன். பஸ் போய்விட்டது.

எழுதாதது இல்லை என்பதுதானே அவர் ரூல்? அதனால் இத்தனை வருஷம் கழித்து எழுதி வைக்கிறேன்: அண்ணே, உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.